சுக்கு என்ன ஜாதி?

போன ஞாயிறு காலை பெங்களூர் அல்சூர் ஏரியை ஒரு சுற்று வந்து முடிப்பதற்குள் என் நாய் நான்கு ஜாதி மாறிவிட்டது.

முதலில், எதிரே ஓடிவந்த ஓர் இளைஞர். நின்று, காதிலிருந்த இயர்போனை உருவிவிட்டு, "மலினாய்ஸ் மிக்ஸா ப்ரோ?" என்றார். பத்தடி தள்ளி இளநீர் வண்டிக்காரர், "முதோள் அல்வா சார்?" முதோள் நாய்தானே என்று கன்னடத்தில் கேட்கிறார். வள்ளுவர் சிலைப் பக்கம் பெஞ்சில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். ராணுவத்தின் மெட்ராஸ் சாப்பர்ஸில் அவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், சொந்த ஊர் கோவில்பட்டி. "தம்பி, இது நம்மூரு சிப்பிப்பாறைலா!" என்றார். அதில் சந்தேகமே இல்லை அவருக்கு. கடைசியாக ஒரு அம்மா, தன் குழந்தையிடம்: "பயப்படாத கண்ணு, லேப்தான். ஒண்ணும் பண்ணாது."

சுக்கு பிறந்தது ஜீவனஹள்ளியில், ஒரு காய்கறித் தள்ளுவண்டிக்கு அடியில். சுக்கு நிறம், கருத்த முகவாய், ஒரு காது நிமிர்ந்தும் இன்னொன்று பாதியில் மடிந்தும் இருக்கும், வால் மேல்நோக்கிச் சுருண்டிருக்கும். எடை பதினெட்டு கிலோ. அவள் அம்மாவை எனக்குத் தெரியும். இன்றும் அதே தெருவில்தான் இருக்கிறாள். அப்பா யாரென்று அந்தத் தெருவுக்கே தெரியாது.

நாய் வளர்க்கிற எல்லோருக்கும் இது பழகிப்போன கதைதான். ஆனால் நாய் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் என்று எல்லோருமே ஏன் இப்படிச் சொல்லிவைத்தாற்போல் தப்பாகச் சொல்கிறார்கள்? காரணம் நம் கண்ணில் கொஞ்சம், நாயின் மரபணுவில் கொஞ்சம், 'இனம்' என்ற சொல்லை நாம் புரிந்துவைத்திருப்பதில் நிறைய.

நம் பக்கத்தில் இனம் என்று யாரும் சொல்வதில்லை, ஜாதி என்பார்கள். 'நல்ல ஜாதி நாய்' என்றால் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கன்னடத்திலும் அப்படியே, 'ஜாதி நாயி'. மற்றது தமிழில் தெருநாய், கன்னடத்தில் 'பீதி நாயி'. கன்னடத்தில் பீதி என்றால் வீதி. இது தெரியாமல் என் சித்தி பையன் இந்த ஊருக்கு வந்த புதிதில், இங்கே பீதி நாய்கள் அதிகம் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்டு ஒரு வாரம் ஆட்டோவிலேயே போய்வந்தான். இதைவிடக் கசப்பான இன்னொரு சொல் உண்டு. ஆங்கில நாய்ப் புத்தகங்கள் நம் தெருநாய்க்கு நெடுங்காலம் வைத்திருந்த பெயர், தமிழ்நாட்டின் ஒரு சமூகத்தின் பெயரிலிருந்து வெள்ளைக்காரர்கள் எடுத்துக்கொண்டது. நான் அதை எழுதப்போவதில்லை. இப்போது 'இண்டி' என்கிறார்கள். நான் நாட்டு நாய் என்பேன்.

சரி, இனம் என்றால் என்ன? உருவம்தான் இனம் என்று நினைக்கிறோம். முடி இப்படி, காது இப்படி, நிறம் இப்படி இருந்தால் இன்ன இனம் என்று. உண்மையில் இனம் என்பது ஒரு பதிவேடு. இந்த நாயின் அம்மா இன்னது, அப்பா இன்னது, அவற்றின் பெற்றோர் இன்னது, எல்லோரும் ஒரே ஏட்டுக்குள் இருந்தவர்கள் என்று காட்டும் வம்சாவளிக் கணக்கு. உருவம் அந்தக் கணக்கின் விளைவு. ஏட்டுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக இணைசேர்த்ததால் குட்டிகள் ஒரே அச்சாக வருகின்றன.

இந்த ஏற்பாடு நாம் நினைக்கிற அளவுக்குப் பழையதும் அல்ல. நாய் மனிதனோடு சேர்ந்து குறைந்தது 15,000 ஆண்டுகள் ஆகின்றன. இன்றைய இனங்களில் பெரும்பாலானவை கடந்த இருநூறு ஆண்டுகளில் இப்படி வகுக்கப்பட்டவை. இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் 1859-ல் நடந்த நாய்க் கண்காட்சியைத்தான் நவீன கண்காட்சிகளின் தொடக்கம் என்பார்கள். கோழிக் கண்காட்சி ஒன்றின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நடந்தது அது. வேட்டை நாய்கள் மட்டும் கலந்துகொண்டன, பரிசு துப்பாக்கி. 1873-ல் லண்டனில் கெனல் கிளப் வந்தது. ஏடு, தரநிர்ணயம், நடுவர் எல்லாம் வரிசையாக வந்தன. இந்தியாவின் கெனல் கிளப்புக்கு (கேசிஐ) தலைமையகம் சென்னை. நாய் வியாபாரிகள் "கேசிஐ பேப்பரோட" என்று ஒரு விலையும் "பேப்பர் இல்லாம" என்று ஒரு விலையும் சொல்வது இந்த ஏட்டை வைத்துத்தான். அந்தக் காகிதத்தில் இருப்பதை ஏரிக்கரையில் நின்று நாயின் முகத்தில் படிக்கப் பார்க்கிறோம். ஒருவர் மூக்கைப் பார்த்து அவருடைய தாத்தா பெயரைச் சொல்வது போன்ற வேலை.

ஏட்டுக்குள் இருக்கும் நாய் என்றால் ஓரளவு முடியும்தான். டால்மேஷியனைப் பார்த்து யாரும் குழம்பப்போவதில்லை. கலப்பு வந்துவிட்டால்தான் சிக்கல், அதற்குக் காரணம் மரபணு.

ஒரு நாயிடம் ஏறத்தாழ 20,000 மரபணுக்கள், 39 ஜோடி குரோமோசோம்களில். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று அம்மா கொடுத்தது, ஒன்று அப்பா கொடுத்தது. நாம் வெளியிலிருந்து பார்த்து 'ஆகா, இது அது' என்று முடிவெடுக்க உதவுபவை இவற்றில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. முடியையே எடுத்துக்கொள்ளுங்கள். சடையா, குட்டையா, சுருட்டையா, மீசை தாடி உண்டா என்று நாய்களில் காணும் வகைகளில் பெரும்பாலானவற்றை மூன்றே மரபணுக்களின் சேர்க்கை தீர்மானிக்கிறது என்று 2009-ல் கண்டுபிடித்தார்கள். டாக்ஸ்ஹண்டின் குட்டைக் காலுக்குக் காரணம், ஒரு மரபணுவின் கூடுதல் நகல் வேறொரு இடத்தில் போய் ஒட்டிக்கொண்டது. சுக்குவின் கருத்த முகவாயும் இப்படித்தான். ஒரே ஒரு மரபணுவின் ஒரு வடிவம் இருந்தால் மூக்கைச் சுற்றிக் கரி பூசினாற்போல் ஆகும். அந்த வடிவம் மலினாய்ஸிலும் உண்டு, தேனிப் பக்கத்துக் கோம்பை நாயிலும் உண்டு, ஜீவனஹள்ளித் தள்ளுவண்டி அடியிலும் உண்டு. அந்த இளைஞர் பார்த்தது முகவாயை. மீதி நாயை அவர் மனசு வரைந்துகொண்டது.

இன்னொன்று, கலப்பு என்பது பாலில் டிகாஷன் ஊற்றுவது போல் நடுவாந்தரமாக வராது. இதைப் பார்த்துவிட வேண்டும் என்று அமெரிக்காவில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்ற இரு விஞ்ஞானிகள் ஆண்டுக்கணக்கில் நாய்களை இணைசேர்த்துப் பதிவுசெய்தார்கள். 1965-ல் முடிவுகள் வெளிவந்தன. தொங்குகாதும் சடைமுடியும் கொண்ட காக்கர் ஸ்பேனியலையும், நிமிர்காதும் சுருள்வாலும் கொண்ட பசெஞ்சியையும் சேர்த்தார்கள். பிறந்த குட்டிகளைப் பார்த்தால் ஸ்பேனியல் என்றும் தோன்றாது, பசெஞ்சி என்றும் தோன்றாது. அந்தக் குட்டிகளைத் தங்களுக்குள் சேர்த்தபோது அடுத்த தலைமுறை இன்னும் தாறுமாறு. பெற்றோர் யார் என்று ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்த நாய்களுக்கே இந்த நிலை.

சுக்குவோடு பிறந்தவை மூன்று. ஒன்று கன்னங்கரேலென்று, நான்கு காலிலும் வெள்ளை சாக்ஸ் போட்டது போல. காக்ஸ் டவுனில் அதைத் தத்தெடுத்த வீட்டில் 'பார்டர் காலி கிராஸ்' என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். ஒன்று வெள்ளையில் பழுப்புத் திட்டு. அது இப்போது 'பீகிள் மிக்ஸ்'. மூன்றாவது அச்சு அசல் சுக்குவேதான், அதே நிறம், அதே முகவாய். அது அம்மாவோடு தெருவிலேயே தங்கிவிட்டது. அது என்ன ப்ரீட் என்று இன்றுவரை ஒருவரும் கேட்டதில்லை. கழுத்தில் ஒரு பெல்ட் ஏறினால்தான் நாய்க்கு ஜாதி முளைக்கிறது என்று இதிலிருந்து நான் புரிந்துகொண்டேன்.

(நான்கும் ஒரே அப்பாவுக்குப் பிறந்தவையா என்றுகூட உறுதி கிடையாது. பெட்டை நாய் ஒரே பருவத்தில் பல கடுவன்களோடு சேரும். ஒரே ஈற்றுக் குட்டிகளுக்கு வேறு வேறு அப்பா இருக்கலாம்.)

இங்கே ஒரு தப்பான நம்பிக்கையையும் களைந்துவிடலாம். தெருநாய் என்றாலே நாலைந்து இனம் கலந்தது என்று நினைக்கிறோம், அதனால்தான் 'இதுல என்ன கலந்திருக்கு?' என்று கேட்கிறோம். நாட்டு நாய் எதன் கலப்பும் அல்ல. ஏடு, கண்காட்சி எல்லாம் வருவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முன்பே ஊர்களை ஒட்டி, தானே இணைதேடி, தானே பெருகிய கூட்டம் அது. உலகத்து நாய்களில் பெரும்பங்கு இன்றும் இப்படி மனிதர் இணைசேர்க்காமல் பிறப்பவைதான். இனங்கள் இப்படிப்பட்ட கூட்டங்களிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டவை. லேப்ரடாரைப் பார்த்து 'இதுல எவ்வளவு நாட்டு நாய்?' என்று கேட்பதில் அதிக நியாயம் இருக்கிறது. பெங்களூர் மாதிரி ஊரில், அதுவும் வாடகை வீடு மாறும்போது நாயை அவிழ்த்துவிட்டுப் போகிறவர்கள் உள்ள ஊரில், தெருவில் கலப்பு இல்லாமல் இருக்காது என்பதும் உண்மை. ஆனால் சுருண்ட வாலும் குட்டை முடியும் இளம்பழுப்பும் வர வெளியிலிருந்து யாரும் வந்திருக்க வேண்டியதில்லை.

தொழில்முறையில் நாய் பார்க்கிறவர்கள் எப்படி? அமெரிக்காவில் 2013-ல் ஓர் ஆய்வு வந்தது. இருபது கலப்பு நாய்களைப் படமாக்கி, நாய் சம்பந்தப்பட்ட வேலையில் இருக்கும் 900-க்கும் மேற்பட்டவர்களிடம் காட்டி இனம் கேட்டார்கள். கால்நடை மருத்துவர்கள், காப்பகக்காரர்கள், பயிற்சியாளர்கள் எல்லாம் அதில் இருந்தார்கள். டிஎன்ஏ பரிசோதனையோடு ஒப்பிட்டபோது, இருபதில் பதினான்கு நாய்களுக்குப் பாதிப் பேர்கூடச் சரியாகச் சொல்லவில்லை. தப்பாகச் சொன்னதுகூடப் பரவாயில்லை, தங்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை. ஏழே ஏழு நாய்களுக்குத்தான் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஒரே இனத்தைச் சொன்னார்கள். அந்த ஏழிலும் மூன்று தப்பு.

ஆகவே, யாராவது என் நாயைப் பார்த்து இனம் சொன்னால் நாயைப் பற்றி ஒன்றும் புதிதாகத் தெரிவதில்லை. சொன்னவரைப் பற்றித்தான் தெரிகிறது. ஒருவருக்கு ஏழெட்டு இனங்களின் உருவம் மனசில் இருக்கும். பார்க்கிற நாயை அதில் எதிலாவது கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார். இளநீர்க்காரருக்குக் கர்நாடகத்து முதோள், பாகல்கோட்டைப் பக்கத்து ஒல்லி வேட்டை நாய். கோவில்பட்டிக்காரருக்கு அதே ஒல்லி உடம்பு சிப்பிப்பாறை. இளைஞருக்குச் செய்தியில் பார்த்த ராணுவ மலினாய்ஸ். ஊர்ப்பாசம்தான் பாதி.

நம்மவர்களின் அந்த ஏழெட்டுப் பெயர்களும் எங்கிருந்தெல்லாம் வந்திருக்கின்றன! பக் நாயை இன்றும் 'ஹட்ச் நாய்' என்கிறவர்கள் இருக்கிறார்கள். 2003-ல் வந்த ஒரு விளம்பரம், அந்த கம்பெனி பேர் மாறி வோடபோன் ஆகி அதுவும் மாறிவிட்டது, நாய்க்கு மட்டும் பேர் ஒட்டிக்கொண்டது. ஜெர்மன் ஷெப்பர்டு என் அப்பாவுக்கு 'அல்சேஷன்', என் பாட்டிக்கு 'போலீஸ் நாய்'. அல்சேஷன் என்பது முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனி என்ற சொல்லே ஆகாமல் இங்கிலாந்தில் வைத்த பெயர். 1977-ல் அவர்களே திரும்பப் பழைய பெயருக்குப் போய்விட்டார்கள், நாம் போகவில்லை. பொமரேனியன் கதைதான் பெரிய கூத்து. எண்பதுகளில் தெருவுக்கு ஒன்றாக, வெள்ளைச் சடையோடு, மொட்டை மாடியிலிருந்து உலகத்தையே திட்டிக்கொண்டிருந்ததே, அவற்றில் மிகப் பெரும்பாலானவை பொமரேனியனே அல்ல. ஜெர்மன் ஸ்பிட்ஸ் வழியில் வந்து இங்கேயே ஊறிப்போன இந்தியன் ஸ்பிட்ஸ். அசல் பொமரேனியன் மூன்று கிலோ சொச்சத்துக்குள் அடங்கிவிடும் குட்டி. ஒரு தேசமே ஒரு நாயைத் தலைமுறைக்கணக்கில் பேர் மாற்றிக் கூப்பிட்டிருக்கிறது.

தலைகீழாகவும் நடக்கும். எங்கள் மேல்வீட்டில் இருப்பது பேப்பரோடு வந்த அசல் ராஜபாளையம். பால் வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு. 2005 ஜனவரியில் அஞ்சல் துறை நான்கு இந்திய நாய்களுக்குத் தபால்தலை போட்டபோது அதில் இடம்பெற்ற இனம். எங்கள் வாட்ச்மேன் அந்த மேல்வீட்டு அண்ணனிடம் ரகசியமாகக் கேட்டாராம்: "ஏன் சார் தெருநாயை வளர்க்கிறீங்க, மூக்கு வேற வெளுத்துப்போயிருக்கு, தோல் டாக்டர்கிட்ட காட்டக் கூடாதா?" அதே வாட்ச்மேனுக்கு என் சுக்கு 'ஜாதி நாய்'. அவளுடைய காதில் ஆங்கில வி எழுத்துப் போல ஒரு வெட்டு இருக்கிறது. கருத்தடை செய்த தெருநாய்க்கு அடையாளமாக மாநகராட்சி ஆட்கள் போடும் வெட்டு. அதைக்கூட அவர் 'ப்ரீடோட டிசைன்' என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

இதுவரை சிரிப்புதான். இனி அப்படி இல்லை.

அந்த அம்மா 'லேப்தான், ஒண்ணும் பண்ணாது' என்றதும் குழந்தை கையை நீட்டிக்கொண்டு ஓடிவந்தது. சுக்குவுக்கு ஓடிவருகிற குழந்தைகளைக் கண்டால் ஆகாது. காது பின்னால் போனது, உதட்டை நக்கினாள். அது பயத்தின் அறிகுறி. கயிற்றை இரண்டு சுற்று கையில் சுற்றிக்கொண்டு நடுவில் நான் நின்றுகொண்டேன். அந்த அம்மா செய்தது இரண்டு தப்பு. லேப் என்றது ஒன்று. லேப் என்றால் ஒன்றும் செய்யாது என்றது இரண்டு. 18,000-க்கும் மேற்பட்ட நாய்களின் சுபாவத்தை வளர்ப்பவர்களிடம் கேட்டு, 2,000-க்கும் மேற்பட்டவற்றின் மரபணுவையும் படித்து 2022-ல் ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. தனித்தனி நாய்களுக்கிடையே சுபாவத்தில் காணும் வேறுபாட்டில் இனம் விளக்குவது சுமார் 9 சதவீதம்தான் என்றது அது. ஏட்டுப்படி சுத்தமான லேப் என்றாலும், அந்த நாய் எப்படி என்று அதை வளர்ப்பவரிடம் கேட்கத்தான் வேண்டும்.

சட்டத்துக்கும் இந்தக் கோளாறு உண்டு. 2024 மார்ச் 12-ல் ஒன்றிய அரசு மாநிலங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. பிட்புல், ராட்வைலர் உள்ளிட்ட 23 இனங்களுக்கும் அவற்றின் கலப்புகளுக்கும் விற்பனை, வளர்ப்பு உரிமம் கூடாது என்றது. வழக்குகள் போயின. இந்த ஊர் உயர்நீதிமன்றம் ஏப்ரலில் அதை ரத்து செய்தது. சம்பந்தப்பட்டவர்களைக் கலந்து பேசாமல் போட்டது என்பது ஒரு காரணம். என் கவலை வேறு. 'கலப்பும்' என்று எழுதிவிட்டார்களே, அதை யார் பார்த்துச் சொல்வது? அமெரிக்காவில் ஃபுளோரிடா காப்பகங்களில் 120 நாய்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. ஊழியர்கள் பிட்புல் வகை என்று குறித்தவை 62. டிஎன்ஏ சொன்னது 25. தினம் நாய்களோடே இருப்பவர்களின் கணக்கு இது. ஒரு அபார்ட்மென்ட் சங்கச் செயலாளர் என்ன செய்வார் என்று யோசித்துப் பாருங்கள். தலை கொஞ்சம் அகலமாக, நெஞ்சு கொஞ்சம் விரிந்து பிறந்த நாட்டு நாய்க்குக்கூட ஆபத்துதான்.

அப்படியானால் டிஎன்ஏ பார்த்துவிடலாமே என்பீர்கள். கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக்குச்சியால் தேய்த்து அனுப்பினால் போதும். ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்து செய்யுங்கள். உங்கள் நாயின் மரபணுத் துண்டுகளை, ஆய்வகம் வைத்திருக்கும் இனங்களின் மாதிரிகளோடு ஒப்பிடுகிறார்கள். அந்த மாதிரித் தொகுப்பில் சிப்பிப்பாறையோ நாட்டு நாயோ இல்லையென்றால், இருப்பதில் எது கிட்டத்தில் வருகிறதோ அதைத்தான் சொல்லும். ஏரிக்கரை இளைஞர் செய்ததையே இன்னும் கொஞ்சம் சிரத்தையாகச் செய்யும். அனுப்புமுன் தொகுப்பில் இந்திய நாய்கள் உண்டா என்று கேளுங்கள். குட்டி வாங்குகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம்: 'முகத்தைப் பாருங்க சார், ப்யூர்' என்று விற்பவர் சொன்னால் முகத்தைப் பார்க்காதீர்கள். பதிவுக் காகிதத்தையும், அதில் உள்ள மைக்ரோசிப் எண்ணையும், தாய் நாயையும் பாருங்கள்.

இனம் உண்மையிலேயே தேவைப்படுகிற ஓர் இடம் உண்டு, மருத்துவம். 'காலி' என்ற மேய்ப்பு நாய் வகைகள் பலவற்றில் ஒரு மரபணுக் குறை இருக்கிறது. உண்ணிக்கும் சொறிக்கும் போடும் ஐவர்மெக்டின் கொஞ்சம் அளவு கூடினாலும் அவற்றின் மூளையைத் தாக்கிவிடும். அதனால் டாக்டரிடம் ஊகத்தைச் சொல்லாதீர்கள். தெரிந்தால் சொல்லுங்கள், இல்லையென்றால் தெரியாது என்று சொல்லுங்கள். அவர் அதற்கேற்ப மருந்து பார்த்துப் போடுவார்.

சுக்குவின் தடுப்பூசிப் புத்தகத்தில் ப்ரீட் என்ற கட்டத்தில் முதல் டாக்டர் 'லேப் கிராஸ்' என்று எழுதியிருந்தார், நான் கேட்காமலே, மரியாதைக்காக என்று நினைக்கிறேன். இரண்டாவது இடத்தில் அதை அடித்துவிட்டு 'என்.டி.' என்று எழுதினார்கள். நான்-டிஸ்கிரிப்ட், அதாவது வர்ணிக்க ஏதுமில்லாதது. ஒரு காது நின்று ஒரு காது மடிந்து, வாலைச் சுருட்டிக்கொண்டு மேசை மேல் நின்றவளைப் பார்த்துக்கொண்டே எழுதினார்கள். இந்த வருஷ ஊசிக்குப் போனபோது எல்லாம் கம்ப்யூட்டர். வரவேற்பறைப் பெண் ப்ரீட் கேட்டாள்.

"நாட்டு நாய்மா."

பட்டியலை மேலும் கீழும் உருட்டினாள். அஃப்கன் ஹவுண்ட் இருந்தது, செயின்ட் பெர்னார்டு இருந்தது. "லிஸ்ட்லயே இல்ல அண்ணா. முதோள்னு போட்டுறட்டுமா? பாக்க அப்படித்தான் இருக்கு."

வேண்டாம் என்றேன். 'அதர்ஸ்' என்று போட்டாள். ஊசி போட்டதும் சுக்கு என்னை முந்திக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.